சபினுக்காக மூன்று தரம்

ஸ்தெர்பா, 9 மார்ச் 2000

அன்புள்ள லெயோன்தினா அக்காவுக்கு,

உன் தங்கை அஸ்பாசியா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் எழுந்து நடமாடுகிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் பனிக்காலம் முழுக்கப் படுத்தியெடுத்தது. இப்போது கோலூன்றி மெல்ல நடக்கிறாள். லியோனில் குளிர் குறைந்ததா? உன் இருமல் விட்டதா?

சபின் அண்ணன் போய் ஏழு வருடம் முடிந்துவிட்டது. போன சனிக்கிழமை, இறந்தோர் சனியன்று, முறைப்படி குழியைத் திறந்தோம். எலும்புகளைக் கழுவ இரண்டு லிட்டர் சிவப்பு ஒயின், எடுத்துக் கட்டப் புதுத் துணிப்பை, சர்க்கரை கலந்த கோதுமை, மெழுகுத்திரி எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். பாதிரியார் ஃபிலிமோன் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ட்ரிஃபு வெட்டினான். பலகை உடைந்த சத்தம் கேட்டது. பிறகு மண்வெட்டியை மேலே வீசிவிட்டு ஏறி வந்தான்.

"ஒயினை மூடி வைம்மா. கழுவுறதுக்கு எலும்பு இல்ல. ஆளு அப்படியே இருக்காரு," என்றான்.

அப்படியேதான் இருந்தார் அக்கா. தோல் கறுத்து இறுகியிருந்தது, அவ்வளவுதான். மீசைகூட இருந்தது. நான் ஒரு தரம்தான் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்து வீட்டு வெதுரியா சும்மா இருப்பாளா? "மண்ணு ஏத்துக்கல. யாரு வாய்ல விழுந்தானோ, பாவம்," என்றாள். யார் வாய் என்று எல்லோருக்கும் தெரியும். 'உன்னை மண் ஏற்காமல் போகட்டும்' என்று நீ அண்ணனுக்கு எழுதிய வரியை நான் யாருக்கும் காட்டியதில்லை. ஆனாலும் தெரிந்திருக்கிறது.

திரும்ப மூடிவிட்டோம். சாபம் கொடுத்தவர் குழி பக்கத்தில் நின்று மன்னித்தேன் என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், அதுதான் வழி என்கிறார் பாதிரியார். அந்தக் குழியில்தான் அப்பா இருக்கிறார். அம்மாவுக்கும் இடம் அங்கேதான். "மக்காத பிள்ளை மேல நான் எப்படிப் படுப்பேன்?" என்கிறாள். அன்றிலிருந்து ரொட்டியைத் தொடவில்லை, சூப் மட்டும்தான். வயது எழுபத்தெட்டு.

ஒரே ஒரு தரம் வந்து போ. உன் கையை முத்தமிடும்,
அஸ்பாசியா

*

லியோன், 2 ஏப்ரல் 2000

அன்புள்ள அஸ்பாசியா,

நான் நலம். இருமல் போய்விட்டது. அம்மா ரொட்டி சாப்பிட மறுப்பதுதான் எனக்குக் கவலை. சூப்பில் முட்டையை உடைத்து ஊற்று, கேட்காமல் செய். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? எழுதவே இல்லை.

மற்றதற்கு வருகிறேன். நம் கல்லறைத் தோட்டத்தின் மேல்பாதி களிமண், தண்ணீர் வடியாது. 1993-இல் நீ எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: சபினுக்குச் சந்தையில் வாங்கிய சூட், கசங்கவே கசங்காது என்று கடைக்காரன் சொன்னதாக. கசங்காதது மக்கவும் மக்காது. பாதிரியாரிடம் சொல். என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் வேறு பலரை முதலில் கவனித்திருப்பேன்.

நடந்ததை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இருந்தும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் ஊர் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. 1984 ஆகஸ்டில் நானும் என் கணவன் மாத்தேயும் டான்யூப் ஆற்றைக் கடந்து நாட்டைவிட்டுத் தப்பிப் போகப்போவது சபினுக்கு மட்டும்தான் தெரியும். மிதந்து போக டிராக்டர் டியூபைக் கொண்டுவந்து தந்தவனே அவன். நாங்கள் போய்ச் சேரும் முன்பே எல்லைக் காவல்காரர்கள் கரைப் புதருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மாத்தே அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினான். நான் மூன்று வெடிச் சத்தத்தைத் தண்ணீரிலிருந்து கேட்டேன். அவனுக்குக் கல்லறை இல்லை, எனவே அவன் மக்கினானா என்று பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை. சபின்மேல் நானாகப் பழி போடவில்லை. கேட்டு எழுதினேன். 'என்னால்தான்' என்று அவன் கைப்படப் பதில் எழுதினான். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை. நான் அந்த ஒரு வரியை எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் வரமாட்டேன். அந்த ஊரில் கால் வைப்பதில்லை என்பது கோபத்தில் எடுத்த முடிவல்ல, பதினாறு வருடப் பழக்கம்.

இங்கே நாங்கள் தொகுக்கும் அகராதியில் 'எல்' எழுத்தில் இருக்கிறோம். ஒரே சொல்லோடு மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். லத்தீனில் விடுவிப்பதைக் குறித்த சொல். அதன் பிள்ளைகள் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நம் மொழியில் அது மன்னிப்பு. உன் கடிதம் அந்தச் சொல்லுக்கு நான் குறிப்பு எழுதும் சீட்டுகளின் மேல் வந்து விழுந்தது. இப்படிப்பட்ட தற்செயல்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.
லெயோன்தினா

*

ஸ்தெர்பா, 11 மே 2000

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். ஈஸ்டரை நீ நல்லபடியாகக் கழித்தாயா? எனக்குச் சுகம்தான். இரத்த அழுத்தம் ஏறும், இறங்கும். அம்மா இறங்கிக்கொண்டே வருகிறாள்.

நீ சொன்ன களிமண்ணைப் பாதிரியாரிடம் சொன்னேன். "பக்கத்துக் குழியில தபால்காரர் இருந்தாரே, அதே களிமண்ணுதானே? நாலே வருஷத்துல சுத்தமா வந்தாரே," என்றார். சூட்டைப் பற்றிச் சொன்னேன். "மீசையும் பாலியெஸ்டரா?" என்று கேட்டார்.

போனில் சொல்லலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "தபாலாபீஸ் ஒயரு கல்லறை வரைக்கும் நீளாது, அஸ்பாசியா," என்றார்.

ஈஸ்டர் அன்று சிவப்பு முட்டையை எங்களோடு மோதிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெதுரியா மட்டும், "உங்க அக்கா பிரான்சுல அவ்ளோ படிச்சவளாச்சே, ஒத்த வார்த்தை சொல்லத் தெரியலையா?" என்றாள்.

அம்மா நேற்று உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"அவ அங்க என்ன வேலை பாக்கறா?"

"சொல்லுக்கு அர்த்தம் எழுதறாம்மா."

"ஒரு சொல்லுக்கு எத்தனை நாளு?"

"இப்போ எழுதறதுக்கு மூணு மாசம் ஆச்சாம்."

"என்ன சொல்லு அது?"

சொன்னேன். "மூணு மாசமா அதையே கையில வச்சிருக்காளா? நம்ம பக்கம் ஒரு தடவை நீட்டக் கூடாதா?" என்றாள். பிறகு, "நீ எழுது. எல்லாத்தையும் எழுது," என்றாள்.

எல்லாம் என்றால் நான் என்ன எழுத? எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

மற்ற நாடுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அம்மாவுக்குச் சொல்லலாம் என்று கேட்கிறேன்.

உன் அஸ்பாசியா

*

லியோன், 4 ஜூன் 2000

அன்புள்ள அஸ்பாசியா,

நலம். வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து கொடுத்துப் பார். எடை எவ்வளவு குறைந்தது என்று எழுது, 'இறங்கிக்கொண்டே வருகிறாள்' என்று எழுதாதே.

கேட்டதால் சொல்கிறேன். லத்தீனில் 'லீபேர்' என்றால் அடிமை அல்லாதவன். ஒருவனைக் கட்டவிழ்த்து விடுவதற்கான வினைச்சொற்கள் அதிலிருந்து வந்தன. பேரரசு சரிந்தபின் அவை நாட்டுக்கு நாடு வேறு வேறு வேலைக்கு அமர்ந்துவிட்டன. ஸ்பெயினில் அதன் வாரிசு 'லிப்ரார்'. விடுவிப்பது என்றும் பொருள் உண்டு, ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் வாயில் அது வார விடுப்பு. ஜெர்மானியர்கள் கடன் வாங்கி 'லீஃபர்ன்' என்று வைத்துக்கொண்டார்கள்: கடைக்காரன் சரக்கைக் கொண்டுவந்து வாசலில் இறக்குவது. பிரெஞ்சில் 'லிவ்ரே'. காலையில் பாலையும் மதியம் கட்டிலையும் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் செய்வது அதுதான். ஓர் ஆளைப் பிடித்துப் போலீஸ் கையில் ஒப்படைப்பதற்கும் அதே சொல். நம் மொழியில் 'இயெர்தா': மன்னிப்பது.

என் எதிர் மேசையில் ரெமேதியோஸ் என்று ஒருத்தி, ஸ்பெயின்காரி. நம் சீட்டைப் படித்துவிட்டு, "உங்க ஊர்ல மன்னிப்பா? எங்க ஊர்ல அது லீவு. வாராவாரம் கிடைக்கும்," என்றாள்.

"எங்க ஊர்ல ஏழு வருஷம் காத்திருக்கணும்," என்றேன்.

சிரித்தாள்.

ஏன் இப்படிப் பிரிந்தன என்பதற்கு அழகான விளக்கங்கள் பல உண்டு. அழகான விளக்கங்களை நான் சீட்டில் எழுதுவதில்லை. ஒன்றை மட்டும் உனக்குச் சொல்கிறேன். சபின் எங்களுக்குச் செய்ததைச் சொல்லப் பிரெஞ்சுக்காரர்கள் எடுக்கும் சொல்லும், அவனுக்காக நீங்கள் என்னிடம் கேட்கும் சொல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அதனால் இரண்டும் சமமாகிவிடாது.

நான் தெரியாமல் மன்னிக்க மாட்டேன். பழைய ரகசியப் போலீஸ் கோப்புகளைச் சம்பந்தப்பட்டவர்களுக்குக் காட்டுகிறார்களாம். புகாரெஸ்டில் ஒரு வக்கீல் மூலம் என்னுடையதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். சபின் என்ன எழுதிக்கொடுத்தான், எதற்காக என்று படிக்கிறேன். அவன் மிரட்டப்பட்டானா, வாங்கிக்கொண்டு செய்தானா என்று தெரியட்டும். படித்தபின் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்வேன்.

லெயோன்தினா

*

ஸ்தெர்பா, 27 ஜூலை 2000

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வைக்கோல் வேலை இருந்தது. பிறகு நான் படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. நீ சுகம்தானே? அம்மா முப்பத்தொன்பது கிலோ. தபாலாபீஸ் தராசில் நிறுத்தினோம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் படிக்கவில்லை.

கோப்பு வேண்டாம் அக்கா. அந்த ஆட்கள் எழுதிய காகிதத்தை நம்பியா? அவர்கள் பகலை இரவு என்று எழுதியவர்கள். மேல்தெரு கிரிகோரே தன் கோப்பை வாங்கிப் படித்தான். அதில் அவன் மச்சான் பெயர் இருந்தது. இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிணறுகூடத் தனித்தனி. படித்து அவனுக்கு என்ன கிடைத்தது? "ராத்திரி தூக்கம் போச்சு, அவ்ளோதான். முன்னாடி அரைகுறையாவாவது தூங்கினேன்," என்கிறான்.

கோப்பு வர எத்தனை மாதம் ஆகும்? அம்மாவுக்கு அத்தனை மாதம் இல்லை.

நீ வர வேண்டாம். பாதிரியாரிடம் மன்றாடி ஒரு வழி வாங்கியிருக்கிறேன். கடிதத்தில் எழுதி அனுப்பினால் செல்லாது, குரல் வேண்டும் என்கிறார். ஆனால் கேசட்டில் பதிந்த குரலும் குரல்தானே என்று கேட்டேன். இரண்டு வாரம் யோசித்தார். "ரேடியோவுல பூசை கேக்குற படுத்த நோயாளிக்கு அது பூசைதான்னு மேற்றிராணியாரே சொல்லிருக்காரு. சரி, கொண்டா," என்றார்.

மூன்று தரம், அவர் பெயரைச் சொல்லி. ஒரு நிமிட வேலை. கோப்பு வருவதற்கு முன்னால் செய்துவிடு அக்கா. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அஸ்பாசியா

*

லியோன், 20 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அஸ்பாசியா,

நான் நலம். உன்னைப் படுக்க வைத்தது என்ன? மருத்துவரிடம் போனாயா?

பொதியில் கேசட் இருக்கிறது. முப்பத்தொன்பது கிலோ என்ற ஒரு எண்ணுக்காக மட்டும் செய்தேன். சாபத்தை நம்புகிறேன் என்றோ, அதை எடுத்துவிட்டேன் என்றோ யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கிழவி ரொட்டி சாப்பிட வேண்டும். அதற்கு என் குரல் உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் உச்சரிப்புப் பதிவுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறோம். ரெமேதியோஸ் பொத்தானை அமுக்கினாள். முதல் தரம் குரல் வரவில்லை. "தண்ணி வேணுமா?" என்றாள். "வேணாம், திரும்ப அமுக்கு," என்றேன். மூன்றாவது தரம் சொல்லும்போது அவன் சிறுவயதில் வாத்து மேய்க்கப் போகும் முன் என்னிடம் தலைவாரிக்கொள்ள வருவது ஞாபகம் வந்தது. தேவையில்லாத ஞாபகம். பதிவில் ஒரு இடைவெளி இருக்கும், கருவியின் கோளாறு என்று நினைக்காதே.

கோப்புக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. அது வேறு விஷயம்.

லெயோன்தினா

*

ஸ்தெர்பா, 18 செப்டம்பர் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உனக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும். தந்தி உனக்கு எப்போது கிடைத்தது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. வெயில்.

வரிசையாகச் சொல்கிறேன். மாதா பிறந்தநாளுக்கு முந்தின நாள் கேசட்டைக் கல்லறைக்கு எடுத்துப் போனோம். அம்மாவை ட்ரிஃபுவின் மாட்டு வண்டியில் தலையணை வைத்து உட்கார வைத்தேன். கேசட் பெட்டி வெதுரியாவின் பேரனுடையது. அதன்மேல் ஏதோ பாடகியின் படம் ஒட்டியிருந்தது, பாதிரியார் அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார். ஊர் பாதி வந்திருந்தது.

உன் குரல் வந்தது. பதினாறு வருடத்துக்குப் பிறகு. வெதுரியாவே, "சின்னப் பொண்ணு குரலு மாதிரியே இருக்கு," என்று அழுதாள். 'சபின், நான் உன்னை மன்னித்தேன்.' முதல் தரம் சொன்னபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டாவது தரம் சொன்னபோது என்னைப் பார்த்தாள். பிறகு அந்த இடைவெளி வந்தது. நீ மூச்சு விடுவது கேட்டது. மூன்றாவது தரம் 'சபின்' என்று ஆரம்பித்தாய். நான் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பாதிரியாரிடம் சொன்னேன். "ரெண்டரை தடவை. கடவுளுக்குக் கணக்கு நம்மளவுக்குக் கறார் இல்ல," என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா பாலில் நனைத்து ரொட்டி சாப்பிட்டாள், ஒரு முழுத் துண்டு. ஒன்பதாம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள். என் கையைப் பிடித்திருந்தாள். கடைசியில் பேச முடியவில்லை, ஆனால் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சரிம்மா என்றேன்.

அண்ணனைக் குழியின் இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு அவளைப் படுக்க வைத்தோம். இந்த முறை துணி பருத்தி.

நாற்பதாம் நாள் சடங்கு வருகிற மாதம். அதற்குள் உனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

அஸ்பாசியா

*

லியோன், 30 நவம்பர் 2000

அஸ்பாசியா,

தந்தி பதின்மூன்றாம் தேதிதான் வந்தது. நாற்பதாம் நாளன்று இங்கே ஒரு மெழுகுத்திரி ஏற்றினேன். எழுதுவதாகச் சொன்ன இன்னொரு கடிதம் வரவில்லை. எழுதினாயா, தபாலில் தொலைந்ததா என்று தெரியாது.

கோப்பின் நகல்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் குப்பை: நான் யாரோடு காபி குடித்தேன், எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். எங்கள் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு தாள். 1984 ஆகஸ்ட் 11. உளவு சொல்லும் ஆளே கைப்பட எழுத வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அடியில் புனைபெயர் இருக்கிறது, அது எனக்கு வேண்டியதில்லை. என் தொழில் சீட்டுகளைப் பார்ப்பது. முப்பது பேர் எழுதிய சீட்டுக் குவியலில் எது யார் எழுதியது என்று பார்த்தவுடன் சொல்வேன்.

சபின் எழுதியதல்ல.

அந்தத் தாளையும் உன் செப்டம்பர் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் நம்பவில்லை. அதனால் 1987 முதல் நீ எழுதிய எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கி ஒரு வாரம் பார்த்தேன். எனக்கு வேறு முடிவு கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நீ எதற்காகப் பொத்தானை அமுக்கினாய் என்று இப்போது தெரிகிறது. மற்றதை நீதான் எழுத வேண்டும்.

லெ.

*

ஸ்தெர்பா, 6 ஜனவரி 2001

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. நேராக எழுதுகிறேன்.

1984 ஜூலையில் எனக்கு மூன்றாவது தங்கியது. முதல் இரண்டுக்கே பால் இல்லாத வருடம் அது. கருவைக் கலைத்தால் சிறை, சட்டம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அம்மாதான் செய்தாள், சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டாம் நாள் காய்ச்சல், இரத்தம் நிற்கவில்லை. அண்ணன் என்னை வண்டியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கட்டில் கால்மாட்டில் தோல் கோட்டு போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான், அந்த வெயிலில்.

"யாரு செஞ்சாங்கன்னு சொல்லும்மா. சொன்னதும் டாக்டர் தொடுவாரு," என்றான்.

அவன் ஆப்பிளை நறுக்கித் தின்றுகொண்டிருந்தான். "எனக்கு அவசரம் இல்ல. உனக்குத்தான் இருக்கணும்," என்றான்.

பெயர் சொன்னால் அம்மாவுக்குச் சிறை. சாகலாம் என்றால் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்கிறேன், என்னைப் பிழைக்கவிடுங்கள் என்றேன். உங்கள் பயணம் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நீ நினைத்திருந்தாய். அந்த டியூபில் ஓட்டை இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து அதை ஒட்டியது நான்தான்.

எழுந்து உட்கார முடிந்ததும் காகிதம் கொடுத்தார்கள். ஒரு வரி சேர்த்து எழுதினேன்: ஆற்றுக்குப் போகும் முன் வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள், யாரையும் அடிக்க வேண்டாம் என்று. உங்களுக்கு ஆறு மாதம் உள்ளே, பிறகு ஒரே ஊரில் இருப்போம் என்று நினைத்தேன். ஆற்றுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதைவிட அது தேவலை என்றுகூட நினைத்தேன். அந்த வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

நீ கேட்டு எழுதிய கடிதம் வந்தபோது மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். அண்ணன் படித்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உனக்குப் பிள்ளைங்க இருக்கு. அக்கா இல்லாம அதுங்க வளரும், அம்மா இல்லாம வளராது. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறா. எனக்கென்ன, கல்லுடைக்கிறவன்," என்றார். உன் பதில் வந்தபோதும் சிரித்தார். "அக்காவுக்குக் கோவம் வந்தா இலக்கணமாதான் வரும்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கல்தூசி நுரையீரலைத் தின்ற கடைசி வருடத்தில்கூட.

அம்மா உயிரோடு இருக்கும்வரை என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் செய்ததையும் சொல்ல வேண்டும். அவளோ என்னைச் சொல்லச் சொல்லித்தான் நச்சரித்தாள். கோப்பு வருவதற்குள் அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்று நான் அவசரப்படுத்தியது அண்ணனுக்காகவும்தான், அம்மாவுக்காகவும்தான். ஆனால் பாதி எனக்காக. அவர் பெயரில் சொன்னாலும் அது எனக்கு வந்து சேரும் என்று நினைத்தேன். கல்லறையில் உன் குரல் வந்தபோது அது எனக்கு வரவில்லை. மூன்றாவது தரம் என்னால் கேட்க முடியவில்லை.

கேட்கிறேன், அக்கா. கேட்பதற்கு மட்டுமாவது உரிமை இருக்கிறது.

அஸ்பாசியா

*

ஸ்தெர்பா, 25 மார்ச் 2001

அக்காவுக்கு,

ஜனவரியில் எழுதிய கடிதம் கிடைத்ததா? பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டில் உன் கையெழுத்து இருக்கிறது. ஆகவே கிடைத்திருக்கிறது.

எப்படி இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி போடு. நான் இருக்கிறேன்.

அஸ்பாசியா

*

ஸ்தெர்பா, பாதிரியார் வீடு, 2 ஜூன் 2001, சனிக்கிழமை

அஸ்பாசியா,

இதைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் கொண்டுவந்து தருவார்.

காலை எட்டு மணிப் பேருந்தில் வந்தேன். கல்லறையில் நான் நின்றிருந்தபோது நீ வேலிக்கு வெளியே நின்றதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். நீ உள்ளே வரவில்லை, நான் கூப்பிடவில்லை. அது சரிதான்.

நான் வந்தது சபினிடம் கேட்க. ஏழு வருடம் அவனை மண் ஏற்காமல் போனதற்கு என் வாய் காரணம் என்று இப்போதும் நம்பவில்லை. ஆனால் ஒன்பது வருடம் அவன் அந்த வரியோடு உயிர் வாழ்ந்தான், இருமிக்கொண்டு. அது என் வாய்தான். மண்டியிட்டுக் கேட்டேன். வெகு நேரம் ஆயிற்று. அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இறந்தவர்களிடம் கேட்பதில் இருக்கும் தண்டனை அதுதான் போல.

நீ கேட்டிருந்த வரி அந்தத் தாளில் இருக்கிறது. 'வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள், யாரையும் அடிக்க வேண்டாம்.' நீ எழுதியபடியே. யாரோ சிவப்புப் பென்சிலால் அதைக் குறுக்கே அடித்திருக்கிறார்கள்.

ஆறு மாதமாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் இருந்திருந்தால் நான் அம்மாவின் பெயரைச் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். தெரியவில்லை. மாத்தே ஓடுவதற்கு முன் என் தோளில் கைவைத்துத் தண்ணீருக்குள் தள்ளினான். தள்ளியது இன்னும் தோளில் இருக்கிறது. அதற்கு எதிரில் எதை வைத்தாலும் எடை போதவில்லை.

நீ கேட்டது என்னிடம் இல்லை. இருக்கிற மாதிரி சொல்ல மாட்டேன். இயந்திரத்துக்குள் விலையில்லாமல் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாயிற்று, போதும். கடவுள் மன்னிக்கட்டும் என்று ஊரில் எல்லோரும் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அதையும் நான் சொல்லப்போவதில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்யட்டும்.

உன் முகம் வீங்கியிருக்கிறது, வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறாய் என்று பாதிரியார் சொன்னார். கிராயோவா ஆஸ்பத்திரிக்குப் போ. படுத்துவிட்டால் அவரிடம் சொல், எனக்குப் போன் செய்வார். வருவேன். உன்னைக் குளிப்பாட்டவும் சூப் ஊட்டவும் எனக்குத் தெரியும். அப்போது என் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தை வந்துவிட்டதா என்று தேடாதே.

இரண்டு மணிப் பேருந்துக்கு நேரமாகிறது.

லெயோன்தினா